நன்றியுரையில் ஒரு பெயர்

நவம்பர் 1, வெள்ளி

எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை ஜெரோனுக்கு முப்பத்து நான்கு வயது. மனிதர்களைத் திருத்திவிடலாம் என்று நம்புகிற வயது. இன்று சகல புனிதர் திருநாள் பூசையில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்கும் வரை தினமும் தூங்கப் போகும் முன், அன்றைக்கு நன்றி சொல்ல ஒரு காரணத்தை எழுதி வைக்க வேண்டுமாம்.

எனக்கு எழுதப் பிடிக்கும். நன்றி சொல்வதில் பழக்கமில்லை. கல்லூரியில் இருபத்தெட்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன். துறைத் தலைவர் பதவி எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. யாருக்கு நன்றி சொல்ல?

ஆனாலும் பிலோமினா ஒரு பழைய டைரியைத் தூசி தட்டி, மை நிரப்பிய பேனாவுடன் என் மேசையில் வைத்துவிட்டாள். மேசை சும்மா கிடக்கக் கூடாதே என்று எழுதுகிறேன்.

இன்றைய நன்றி: மறையுரை சீக்கிரம் முடிந்ததற்கு.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். மழைக்கு நடுவே அப்பாவின் கல்லறைக்குப் போனோம். பூவும் மெழுகுதிரியும் தீப்பெட்டியும் நனையாமல் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன.

கல்லறைக்கு யாரோ புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். சிலுவையின் இடுக்குகளில்கூடத் தூரிகை போயிருக்கிறது. பக்கத்துக் கல்லறைகள் எல்லாம் பாசி பிடித்துக் கிடக்கின்றன. ஒன்றுக்கு அடித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டது நிர்வாகம். இந்த ஊரில் எந்த வேலையைத்தான் முழுசாகச் செய்கிறார்கள்?

“நிர்வாகமா அடிச்சிருக்கு?” என்றாள் பிலோமினா.

“பின்ன யாரு?”

அவள் பூவை வைத்தாள்.

இன்றைய நன்றி: தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றியதற்கு.

நவம்பர் 3, ஞாயிறு

பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தவர் பங்குப் பேரவைச் செயலர் கஸ்பார். சமாதானபுரத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். நானும் அவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவர் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். எங்கள் இருவருக்கும் கணக்கு சொல்லிக் கொடுத்தது என் அப்பா.

இதெல்லாம் பழைய கதை. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் கோயில் பொன்விழா. கோயிலின் வரலாற்றைத் தேடி எழுதியது நான். விழா மலருக்கு மெய்ப்புப் பார்த்தது நான். வாசல் வளைவில் எழுதிய வாசகம்கூட என்னுடையது. நன்றியுரை சொன்னவர் கஸ்பார். ஆயருக்கு நன்றி, பந்தல்காரருக்கு நன்றி, ஜெனரேட்டர் ஓட்டியவருக்கு நன்றி, சப்பரம் இழுத்த மாட்டுக்கு நன்றி. ஆம், மாட்டுக்கு. என் பெயர் வரவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். “நீ நம்ம ஆளுல்லாலே. வெளியாளு மாதிரி மைக்குலயா சொல்லுவாங்க?” என்றார். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசுவதில்லை. கோயிலில் அவர் இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் வலப்பக்கம். பெயின்ட் வேண்டுமென்றால் மேலப்பாளையம் போய் வாங்குகிறேன். அதனால் எங்கள் காம்பவுண்டுச் சுவர் மூன்று நிறத்தில் இருக்கிறது. பரவாயில்லை.

இன்றைய நன்றி: மாடு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நவம்பர் 6, புதன்

ஃபாதர் ஜெரோன் வீட்டுக்கு வந்தார். பிலோமினா முறுக்கும் காபியும் வைத்தாள். அவர் மூன்றாவது முறுக்கில் விஷயத்துக்கு வந்தார்.

“சார், கிறிஸ்து அரசர் திருவிழாவுக்கு நன்றியுரை நீங்கதான் சொல்லணும்.”

கிறிஸ்து அரசர் எங்கள் கோயிலின் பாதுகாவலர். திருவருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிறுதான் அவர் திருநாள். அன்று திருவிழாப் பூசை, அதன் முடிவில் நன்றியுரை, பிறகு ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனம்.

“பேரவையில எத்தனையோ பேர் இருக்காங்களே ஃபாதர்?”

“எல்லாரையும் கேட்டுட்டேன் சார். யாரும் மாட்டேங்கிறாங்க. நன்றியுரை சொன்னா ஒரு சண்டையாவது வரும்ங்கிறாங்க. ஏன்னு புரியல.”

கதவோரம் நின்ற பிலோமினா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அவள் சிரிப்பை மறைக்கும் விதம் அது.

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஃபாதர் மகிழ்ந்து நாலாவது முறுக்கை எடுத்தார்.

இன்றைய நன்றி: முறுக்குக்கு.

நவம்பர் 7, வியாழன்

எல்லோர் பெயரையும் சொல்வேன், ஒருவர் பெயரைத் தவிர.

நவம்பர் 10, ஞாயிறு

நன்றியுரைக்கான குறிப்புகளைத் தொடங்கினேன். வேலையை முறையாகச் செய்வதுதான் என் பழக்கம். யாரும் குறை சொல்ல முடியாதபடி ஒவ்வொருவரையும் குறிப்பிட்டால்தான், அந்த ஒரு பெயர் இல்லாதது எல்லோர் காதிலும் விழும்.

எழுத முடிந்தால்தானே. பக்கத்து அறையில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடுகிறது. திருவிழாவுக்குப் பீடத்துணி, திரைகள், பீடச் சிறுவர்களுக்குச் சிவப்பு மேலங்கிகள். காலையில் ஆரம்பித்தால் சமையல் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதே சத்தம்.

“கொஞ்சம் நிறுத்துதியா? யோசிக்க முடியல.”

“நீங்க நன்றியத்தான யோசிக்கீய? அதுக்கு இவ்ளோ அமைதி வேணுமா?”

இன்றைய நன்றி: ஒரு மணி நேர மின்தடைக்கு. ஆனால் அவள் காலால் மிதிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறாள்.

நவம்பர் 12, செவ்வாய்

யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது ஒரே ஒருவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். அவரிடம் நான் பேசுவதில்லை. பிலோமினா போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கேள்விகளை எடுத்துக் கொடுத்தேன்.

“கஸ்பார் அண்ணே, கொடிமரத்துக்கு யாரு பெயின்ட் அடிச்சான்னு கேக்காவ.”

போனில் இருந்து வந்த குரல் வாசல் வரை கேட்டது. “யாரு கேக்கா?”

“இவ்வோதான்.”

“ததேயு சார்கிட்ட சொல்லு, கொடிமரத்துக்கு இளைஞர் அணி. பந்தல் நம்ம சவரிமுத்து. பாத்திரம் சாந்தி டீச்சர் வீடு. பீடத்துணிக்குத் துணி எடுத்துக் கொடுத்தது லில்லி அக்கா குடும்பம்.”

“பெயின்ட் யாரு கொடுத்தான்னு கேளு,” என்றேன் மெதுவாக.

“அத எழுத வேண்டாம்னு சொல்லு,” என்றது போன்.

என்னைச் ‘சார்’ என்கிறார். ஆறு வருடமாக அப்படித்தான். லில்லி குடும்பத்தைக் குறித்துக்கொண்டேன்.

இன்றைய நன்றி: தகவல்களுக்கு. தகவல் கொடுத்தவருக்கு அல்ல.

நவம்பர் 15, வெள்ளி

கொடியேற்றம். மழை பெய்தும் கூட்டம் வந்தது. கொடி பாதி வழியில் சிக்கிக்கொண்டு, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை மிக்கேல் அண்ணன் கயிற்றை உதறி உதறி ஏற்றினார். பேனரில் ‘கிருஸ்து’ என்று எழுதியிருந்தார்கள். நான் சொல்லும் முன்பே ஒரு பையன் ஓடிவந்து, “சார், பாத்துட்டோம், நாளைக்கு மாத்திருவோம்” என்றான். என்னைப் பார்த்தாலே பயப்படுகிறார்கள். நல்லதுதான்.

இன்றைய நன்றி: போகும்போதே குடை என் கையில் இருந்ததற்கு.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. கல்லூரி விடுமுறை. இயந்திரச் சத்தம். இன்றைய நன்றி எதுவும் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

மாலை நவநாள் ஜெபத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். கோயில் முற்றத்தில் மழைக்காற்றில் பந்தலின் தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தது. ஏணியில் கஸ்பார் மட்டும். ஐம்பத்தைந்து வயதில், ஒரு கையில் கயிறும் வாயில் கத்தியுமாக. கீழே ஏணியைப் பிடிக்க ஆளில்லை.

நான் கடந்து போயிருக்கலாம். ஏணி வழுக்கத் தொடங்கியது. பிடித்துக்கொண்டேன்.

மேலேயிருந்து அவர் குனிந்து பார்த்தார். வாயிலிருந்து கத்தியை எடுத்தார்.

“சார். பிடிச்சிருக்கீங்களா?”

“பிடிச்சிருக்கேன்.”

“விட்டுர மாட்டீங்களே?”

ஏணியடியில் காலை ஊன்றிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் கயிறு கட்டினார். பிறகு ஒரு காற்று வந்தது. தார்ப்பாய் அவர் முகத்தில் அறைந்தது. ஏணி ஒரு அடி நகர்ந்தது.

“ஏலே, பிடிலே,” என்று கத்தினார்.

பிடித்தேன். பேராசிரியரை ‘லே’ என்று கூப்பிட்டார், முற்றத்தில், நாலு பேர் வரும் நேரத்தில். இறங்கி வந்ததும் மறுபடியும் “ரொம்ப நன்றி சார்” ஆகிவிட்டார். அவர் செருப்பிலும் கால்சட்டை நுனியிலும் பழைய வெள்ளைப் பெயின்ட் துளிகள் இருந்தன. கொடிமரம் நீலம். கோயில் மஞ்சள். வெள்ளை எங்கே அடித்தார் என்று நினைத்துக்கொண்டேன். பெயின்ட் கடைக்காரர் செருப்பில் பெயின்ட் இருப்பதில் என்ன அதிசயம்.

ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தேன். வெந்நீர் தயாராக இருந்தது.

இன்றைய நன்றி: வெந்நீருக்கு.

நவம்பர் 23, சனி

நன்றியுரை தயார். பிலோமினாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கடைசி மேலங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்தாள்.

“கஸ்பார் அண்ணன் பேரு வரல.”

“வராது.”

“ஊரே அதத்தான் பேசிக்கிடுது, தெரியுமா? லில்லி அக்கா சொல்லுதா, சார் சொல்ல மாட்டாருன்னு. மிக்கேல் அண்ணன் சொல்லுதாவ, சொல்லுவாருன்னு. கஸ்பார் அண்ணனே ‘சொல்ல மாட்டான், அதனால நான் பின்னால ஜெனரேட்டர் பக்கம் நின்னுக்கிடுதேன்’னு சொல்லிட்டாவளாம்.”

“நீ என்ன நெனைக்க?”

“நான் என்னத்த நெனைக்க? உங்க வேட்டியத் தேச்சு வச்சிருக்கேன்.” பொத்தானைத் தடவிப் பார்த்தாள். “உரையில வேற எதும் விட்டுப்போச்சான்னு ஒரு தடவ பாத்துக்கிடுங்க.”

பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவள் அசனத்துக்குக் காய் வெட்டப் போய்விட்டாள்.

இன்றைய நன்றி: தையல் இயந்திரம் ஒருவழியாக ஓய்ந்ததற்கு.

நவம்பர் 24, ஞாயிறு. கிறிஸ்து அரசர் பெருவிழா

மழை விட்டிருந்தது. பீடம் புதுத் துணியில் பளிச்சென்று இருந்தது. பீடச் சிறுவர்கள் சிவப்பு மேலங்கியில் குட்டி கர்தினால்கள் போல வரிசையாக வந்தார்கள். எல்லோரும் துணியைப் பார்த்து வியந்தார்கள்.

பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். இளைஞர் அணி, பாடகர் குழு, பந்தல் சவரிமுத்து, பாத்திரம் கொடுத்த சாந்தி டீச்சர், இவ்வளவு அழகான பீடத்துணியும் மேலங்கிகளும் கிடைக்கத் துணி எடுத்துக் கொடுத்த லில்லி குடும்பம். இந்த முறை மாடு கிடையாது. சப்பரத்தை டிராக்டர் இழுக்கிறது. டிராக்டர் ஓட்டுநருக்கும் நன்றி சொன்னேன்.

கடைசி வரி வந்தது. தாளை மடித்தேன். வாசலுக்கு வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியாதபடி ஒரு தூணுக்குப் பின்னால். ஆனால் தூணை விட அவர் அகலம்.

தாளில் இல்லாத ஒரு வரி வாயில் வந்தது. “முந்தாநாள் மழையில தனியா ஏணியில ஏறி, இப்ப நாம அசனத்துக்கு உக்காரப்போற பந்தல இழுத்துக் கட்டுனது கஸ்பார். அவருக்கு நன்றி.”

கைதட்டல் நிற்கவில்லை. ஃபாதர் கையைக் காட்டி அடக்க வேண்டியிருந்தது. ஒரு ஏணிக்கு இவ்வளவு கைதட்டலா என்று எனக்கு ஆச்சரியம். மிக்கேல் அண்ணன் லில்லியைப் பார்த்துக் கட்டை விரலை ஆட்டினார்.

மைக் பிடித்தால் வாய் தன் போக்கில் போகும். அவ்வளவுதான் விஷயம். அசனத்தில் கஸ்பார் என் இலைக்கு இரண்டு முறை கறி வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்றைய நன்றி: இத்தனை பேர் செய்த வேலையில் ஒரு பெயர்கூட விடுபடவில்லை.

நவம்பர் 25, திங்கள்

விடுபட்டிருக்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

நேற்றுக் காலை பேப்பரை மடக்கி வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் பேனா தேடினேன். தையல் இயந்திரத்தின் மேல் ஒரு சிவப்புத் துண்டுத் துணி மிச்சம் கிடந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. துணி எடுத்துக் கொடுத்தவருக்கு நன்றி சொன்னேன். தைத்தவருக்கு?

ஓடிப்போய் நன்றியுரைத் தாளை எடுத்துப் பார்த்தேன். வாய் தவறவில்லை. எழுதும்போதே இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. பிறகு இந்த டைரியையும் புரட்டினேன். முறுக்குக்கு நன்றி, குடைக்கு நன்றி, வெந்நீருக்கு நன்றி. முறுக்கு தானாகச் சுட்டுக்கொண்டு வந்தது போல.

பட்டியல் போடும்போது நான் வாசலைத் தாண்டி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையை எட்டிப் பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

“உன் பேரு விட்டுப்போச்சு.”

“தெரியும்.”

“கோவமா?”

“நான் உங்க ஆளுல்லா. வெளியாளு மாதிரி மைக்குலயா சொல்லுவாங்க?”

இதே வாக்கியத்தை இதே வீட்டில் நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது அது சாக்கு என்று தோன்றியது. இப்போது எனக்குச் சொல்வதற்கு அந்தச் சாக்குகூட மிச்சமில்லை. அதையும் அவளே எடுத்துச் சொல்லிவிட்டாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கீரைக் கட்டைத் திருப்பிப் போட்டாள்.

“இங்க ஒருத்தருக்கு ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு எத்தன வருஷம் எடுக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க காபியக் குடிங்க.”

நவம்பர் 28, வியாழன்

கஸ்பார் கடைக்குப் போனேன். வேறு யாரைக் கேட்பது? இந்தப் பங்கில் இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

“வாங்க சார்.” அவர் கல்லாவில் இருந்து எழுந்துவிட்டார்.

“ஒண்ணு கேக்கணும். நன்றியுரையில ஒரு ஆளு பேர விட்டுட்டா, அதுக்கப்புறம் என்ன செய்யணும்?”

என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து ஒரு இருபது லிட்டர் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இத எங்கிட்டயா கேக்க? தெரிஞ்சா நான் ஏம்லே ஆறு வருஷமா உன்ன சார், சார்னு கூப்பிட்டுட்டு இருக்கேன்?”

“பிலோமி பேரு விட்டுப்போச்சு.”

“தெரியும். மேடையில நீ ‘லில்லி குடும்பம்’னு சொன்னப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. அடுத்து சொல்லுவ, அடுத்து சொல்லுவன்னு பாத்தேன். நீ என் பேரச் சொல்லுத.” கண்ணைத் துடைத்தார். “ஒண்ணு மட்டும் தெரியும்லே. நான் அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து விளக்கம் சொன்னேன்லா, அதான் தப்பு. நீ விளக்கம் சொல்லாத.”

“வேற?”

“வேற ஒண்ணும் தெரியல. டீ சாப்பிடுதியா?”

சாப்பிட்டேன். கிளம்பும்போது கேட்டேன். “அப்பா கல்லறைக்கு எந்த வெள்ளை அடிச்ச?”

அவர் டம்ளரை வைத்தார். “எதுக்கு?”

“அடுத்த வருஷம் நான் அடிக்கணும்.”

“சாருக்கு நான்தான் அடிப்பேன். நீ வேணா டப்பாவப் பிடி.”

இந்த முறை அவர் ‘சார்’ என்றது என் அப்பாவை. கல்லறைத் தோட்ட நிர்வாகத்தைப் பற்றி நான் இங்கே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நவம்பர் 30, சனி

இன்னொரு நன்றியுரை வைக்க முடியுமா என்று ஃபாதரிடம் கேட்டேன். பதறிவிட்டார். “சார், நாளைக்குத் திருவருகைக் காலம் ஆரம்பிக்குது. அமைதியா காத்திருக்கிற காலம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “முதல் மெழுகுதிரிய உங்க குடும்பம் ஏத்தட்டும்” என்றார்.

டிசம்பர் 1, ஞாயிறு. திருவருகைக் காலம் முதல் ஞாயிறு

பீடத்தின் முன்னால் பச்சை இலைகளால் வளையம் செய்து நாலு மெழுகுதிரிகள் நட்டிருந்தார்கள். வாரம் ஒன்றாக ஏற்ற வேண்டும். பக்கத்தில் ஃபாதர் ஜெபம் சொல்ல ஒரு மைக். எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் பிலோமினாவும் போய் நின்றோம். தீக்குச்சி ஈரம். ஒன்று, இரண்டு, மூன்று, எதுவும் பற்றவில்லை. அவள் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிச் சேலைத் தலைப்பில் தேய்த்து உரசினாள். பற்றியது.

அவள் மெழுகுதிரி மேல் குனிந்தபோது நானும் குனிந்தேன். இரண்டு வாரமாகப் பக்கத்து அறையிலிருந்து வந்த தையல் சத்தம் காதில் கேட்டது போல இருந்தது. விளக்கம் எதுவும் இல்லாமல், அவள் காதில் மட்டும் விழும்படிச் சொன்னேன்.

“எல்லாத் துணியும் நீ தச்சது. நான் சொல்லல. ரொம்ப நன்றி, பிலோமி.”

என் குரல் கோயிலின் எட்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. வெளியே கொடிமரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. எதிர்ச் சாரியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தது எனக்கு வாசல் வழியே தெரிந்தது.

பிலோமினா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “இத வீட்டுல சொல்லப்பிடாதா? மைக்கு கேக்குதுல்லா,” என்றாள். அதுவும் கேட்டது.

முதலில் சிரித்தது அவள் தைத்த சிவப்பு மேலங்கிகளுக்குள் இருந்த சிறுவர்கள். பிறகு கோயில் முழுக்க. ஃபாதர் என்ன சொல்வதென்று தெரியாமல் “ஆமென்” என்றார். எல்லோரும் “ஆமென்” என்றார்கள். பிலோமினா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இங்கே தண்ணீர்க் குழாய் இல்லையே.

வலப்பக்கம் எங்கள் பெஞ்சு நிறைந்துவிட்டிருந்தது. இடப்பக்கம் போய் உட்கார்ந்தோம்.

இன்றோடு ஃபாதர் கேட்ட கணக்கு முடிகிறது. இன்றைய நன்றி: பிலோமினாவுக்கு. நவம்பர் ஒன்று முதல் இன்று வரை எல்லாத் தேதியிலும் இதையே சேர்த்துப் படிக்கவும்.

ஒரு விஷயம் பாக்கி. ஜெபம் தொடங்கும் வரை அந்த மைக் அணைந்துதான் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்கூரையைப் பார்த்தபடி நின்றவர் யார் என்பதை நான் பார்த்துவிட்டேன். அவரை மன்னிக்க எனக்குப் பல வருடங்கள் ஆகலாம். இதை நாளை காலை கடைக்குப் போய் நேரிலேயே சொல்லப் போகிறேன். காம்பவுண்டுச் சுவருக்குப் பெயின்ட்டும் வாங்க வேண்டும்.